வெளியூர் வேலையும் சாப்பாட்டுச் செலவும்: பிரிட்டன் கான்ட்ராக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரோய்டனில் வீடு, லீட்ஸில் கிளையன்ட். திங்கள் விடியற்காலையில் கிளம்பி கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் வியாழன் இரவுதான் வீடு. இப்படி ஓடிக்கொண்டிருக்கும் தமிழ் ஐ.டி. கான்ட்ராக்டர்கள் இங்கே நிறையப் பேர். புதிதாகக் கம்பெனி தொடங்கியவர்கள் முதலில் ஐஆர்35 (சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்தாலும் சிலரை ஊழியர் போல வரி கட்டச் சொல்லும் விதி) பற்றிக் கேட்பார்கள், அடுத்து சாப்பாட்டு பில் பற்றி. இரண்டுக்கும் நேரடி முடிச்சு இருக்கிறது என்பது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது. நான் அக்கவுன்டன்ட் இல்லை. சொந்த லிமிடெட் கம்பெனி நடத்தி, பில்களை ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து வைத்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன். அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பாட்டைக் கம்பெனிக் கணக்கில் எழுதலாமா, கூடாதா?

எழுதலாம். ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. அந்த ஊருக்கு எதற்குப் போனீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வரித்துறையான எச்எம்ஆர்சி, சாப்பாட்டைத் தனிச் செலவாகப் பார்ப்பதில்லை. பயணச் செலவின் ஒரு பகுதியாகப் பார்க்கிறது. அந்தப் பயணத்துக்கு வரிச்சலுகை உண்டென்றால் சாப்பாட்டுக்கும் உண்டு. ரயில் டிக்கெட்டை எழுத முடியாத இடத்தில் சாண்ட்விச்சையும் எழுத முடியாது. பில் கையில் இருக்கிறது, கம்பெனி கார்டில் கொடுத்தேன் என்பதெல்லாம் அப்புறம்.

எந்தப் பயணத்துக்குச் சலுகை உண்டு?

தினமும் போய்வரும் நிரந்தர வேலையிடத்துக்கான பயணத்துக்கு இல்லை. தற்காலிக வேலையிடத்துக்கான பயணத்துக்கு உண்டு. 2003ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 339ஆம் பிரிவு இந்த வித்தியாசத்தைச் சொல்கிறது. கான்ட்ராக்டர்கள் பேச்சில் இதுதான் '24 மாத ரூல்'.

ஓர் இடத்தில் தொடர்ந்து 24 மாதத்துக்கு மேல் வேலை செய்தாலோ, செய்யப்போவது தெரிந்தாலோ, அந்தக் காலத்தில் உங்கள் வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ அங்கே கழிந்தால், அது நிரந்தர வேலையிடம். வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் இரண்டு நாள் என்பது சரியாக 40 சதவீதம், மாட்டிக்கொள்வீர்கள். வாரம் ஒரு நாள் மட்டும் போய்விட்டு மற்ற நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்பவர், இந்த 24 மாதக் கணக்கில் சிக்கமாட்டார்.

இதில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. '24 மாதம் முடியும்வரை எழுதலாம், 25வது மாதம் நிறுத்தினால் போதும்' என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 24 மாதத்தைத் தாண்டப்போகிறது என்று உங்களுக்குத் தெரியவரும் நாளிலேயே நிறுத்த வேண்டும். 18 மாத கான்ட்ராக்ட். அது முடியும் நேரத்தில் இன்னும் 10 மாதம் நீட்டிக்கிறார்கள். மொத்தம் 28. நீட்டிப்புக்கு ஒப்புக்கொண்ட நாளோடு சாப்பாட்டு பில்லுக்குக் கதவு மூடியது. அதுவரை எழுதிய 18 மாதச் செலவுக்கு ஆபத்தில்லை. முதல் நாளே மூன்று வருஷ கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டவருக்கோ முதல் நாளிலிருந்தே கிடையாது.

நானும் இதில் விழுந்தவன்தான். நீட்டிப்பு மெயில் வந்த சந்தோஷத்தில் அதன் அர்த்தம் மண்டையில் ஏறவில்லை. மூன்று மாதம் வழக்கம்போல மதியச் சாப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். வருஷக் கணக்கு முடிக்கும்போது அக்கவுன்டன்ட் கேட்டார்: "இந்த எக்ஸ்டென்ஷனில் எப்போது சைன் பண்ணினீர்கள்?" தேதியைச் சொன்னேன். அதற்குப் பிந்திய செலவு அத்தனையும் டைரக்டர் லோன் கணக்குக்குப் போனது. அதாவது நான் கம்பெனிக்குக் கடன்காரன். திருப்பிக் கட்டினேன்.

கிளையன்ட் மாறினால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குமா?

கிளையன்ட் மாறினால் போதாது, பயணம் மாற வேண்டும். கேனரி வார்ஃபில் ஒரு வங்கியில் ஒன்றரை வருஷம் வேலை செய்தீர்கள். அடுத்த கான்ட்ராக்ட் எதிர்க் கட்டடத்து வங்கியில். அதே ரயில், அதே ஸ்டேஷன், ஏறக்குறைய அதே டிக்கெட் விலை. வரித்துறையின் பார்வையில் நீங்கள் இடம் மாறவே இல்லை, பழைய 18 மாதமும் கூடவே வரும். அங்கிருந்து ரெடிங்குக்கோ பர்மிங்காமுக்கோ போனால் புதுக் கணக்கு.

இந்த ஒரு கான்ட்ராக்டுக்காகத்தான் கம்பெனியே தொடங்கினேன். முடிந்ததும் மூடிவிடுவேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 24 மாதம் தாண்டாவிட்டாலும், உங்கள் வேலைக்காலம் முழுவதையும் அல்லது ஏறக்குறைய முழுவதையும் ஒரே இடத்தில் கழிப்பீர்கள் என்றால் அந்த இடம் நிரந்தர வேலையிடமே. உங்கள் கம்பெனியில் உங்கள் வேலைக்காலம் என்பது அந்த ஒன்பது மாத கான்ட்ராக்ட் மட்டும் என்றால், ஒன்பது மாதமும் ஒரே ஆபீஸ் என்றால், சலுகை இல்லை. அடுத்தடுத்து வேறு வேறு இடங்களில் கான்ட்ராக்ட் எடுக்கும் எண்ணத்தோடு கம்பெனி நடத்துபவருக்குத்தான் 24 மாத ரூல் தோதாக இருக்கும். 24 மாத ரூலைத் தெரிந்துவைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சின்னப் பிரிவு தெரியாது.

நான் அம்ப்ரெல்லா கம்பெனி வழியாக வேலை செய்கிறேன். எனக்கு?

அம்ப்ரெல்லா கம்பெனி என்பது கான்ட்ராக்டரைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் கொடுக்கும் இடைநிலைக் கம்பெனி. உங்களுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை. 2016 ஏப்ரல் 6ஆம் தேதிக்கு முன்னால் அம்ப்ரெல்லா கம்பெனிகள் சாப்பாடு, பயணச் செலவுகளைக் காட்டித்தான் ஆள் பிடித்தன. அன்றோடு அந்தக் கடை மூடியாயிற்று. இப்போது உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்பதில் யாருக்காவது மேற்பார்வையோ, உத்தரவிடும் அதிகாரமோ, கட்டுப்பாடோ இருந்தால், ஒவ்வொரு அசைன்மென்டும் தனி வேலையாகக் கருதப்படும். வீட்டிலிருந்து அந்த ஆபீஸுக்குப் போவது சாதாரண அன்றாடப் பயணம் ஆகிவிடும். சாப்பாடும் அதோடு போயிற்று. மேற்பார்வை இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் தரப்பின் பொறுப்பு. அதற்குத் துணியும் அம்ப்ரெல்லா கம்பெனிகள் குறைவு.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதே அசைன்மென்டில் கிளையன்ட் உங்களை மான்செஸ்டர் ஆபீஸிலிருந்து கிளாஸ்கோ ஆபீஸுக்கு இரண்டு நாள் அனுப்பினால், அந்தப் பயணத்துக்கும் அந்த இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் சலுகை கிடைக்கும்.

'எங்களிடம் வந்தால் சாப்பாட்டுச் செலவும் எழுதலாம், கையில் 85 சதவீதம் நிற்கும்' என்று எந்த அம்ப்ரெல்லாவாவது போன் செய்தால் மரியாதையாக வைத்துவிடுங்கள். நாளைக்கு வரி பாக்கி நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

சொந்தக் கம்பெனிதான், ஆனால் கான்ட்ராக்ட் ஐஆர்35க்கு உள்ளே.

மேலே சொன்ன அதே கதை. ஐஆர்35 என்பது 2000ஆம் ஆண்டில் வந்த விதி: நடுவில் உங்கள் கம்பெனி இல்லாவிட்டால் நீங்கள் கிளையன்டின் ஊழியர் போலத்தான் என்றால், ஊழியர் போலவே வரி கட்டு என்பது அதன் சாரம். 2021 ஏப்ரலில் தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய கிளையன்ட்களே இதைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. 'உள்ளே' என்று முடிவானால் வீட்டிலிருந்து கிளையன்ட் இடத்துக்கான பயணம், அங்கே சாப்பிட்டது இரண்டுக்கும் சலுகை இல்லை. 'வெளியே' என்றால் இந்தப் பக்கத்தின் மற்ற பதில்கள் உங்களுக்கு.

கான்ட்ராக்ட் ரேட் பேசும்போதே இதை மனதில் வையுங்கள். வெளியூரில் தங்க வேண்டிய 'உள்ளே' கான்ட்ராக்ட் என்றால், ஹோட்டலும் சாப்பாடும் வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலிருந்து போகும். நாள் ரேட்டைப் பார்த்து மயங்கி, மாதக் கடைசியில் விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எனக்குத் தகுதி இருக்கிறது. எவ்வளவு எழுதலாம்?

இரண்டு வழி. ஒன்று, உண்மையில் செலவானதை அப்படியே கம்பெனியிடமிருந்து பெறுவது. உச்சவரம்பு என்று ஒரு தொகை இல்லை. நியாயமாக இருக்க வேண்டும். இன்னொன்று, எச்எம்ஆர்சியின் பெஞ்ச்மார்க் ரேட், அதாவது செலவான தொகைக்குப் பதில் மணிக்கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் நிலையான தொகை. 2016 ஏப்ரலில் வந்த முறை இது. உள்நாட்டுப் பயணத்தில் 5 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்தால் 5 பவுண்டு, 10 மணி நேரம் என்றால் 10 பவுண்டு, 15 மணி நேரமும் ஆகி இரவு 8 மணிக்கும் பயணம் முடியாமல் இருந்தால் 25 பவுண்டு. 5 அல்லது 10 பவுண்டு ரேட் வாங்கும் நாளில் பயணம் இரவு 8ஐத் தாண்டினால் கூடுதலாக 10 பவுண்டு சேர்க்கலாம்.

காலை 6.30க்குக் கிளம்பி மாலை 6க்கு வீடு வந்தீர்கள்: பதினொன்றரை மணி நேரம், 10 பவுண்டு. 8 மணிக்குக் கிளம்பி இரவு 8.30க்கு வந்தீர்கள்: 10ம் 10ம், 20 பவுண்டு. விடியற்காலை 5க்குக் கிளம்பி ரயில் தாமதமாகி இரவு 9க்கு வந்தீர்கள்: 16 மணி நேரம், 25 பவுண்டு. இவை உச்ச அளவுகள். கம்பெனி இதைவிடக் குறைத்தும் கொடுக்கலாம். ஒரே சாப்பாட்டுக்கு ரேட்டும் வாங்கி, பில்லும் போடக்கூடாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு நாடுவாரியாக வேறு பட்டியல் இருக்கிறது.

பெஞ்ச்மார்க் ரேட் என்றால் ரசீதே வேண்டாமாமே? சாப்பிடாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே எல்லோருக்கும் ஒரு சின்னச் சிரிப்பு வரும். பதில்: கூடாது. 2019 ஏப்ரலிலிருந்து, பெஞ்ச்மார்க் ரேட் கொடுக்கும் கம்பெனி ஒவ்வொரு சாப்பாட்டு ரசீதையும் சரிபார்க்க வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள். தகுதியான பயணம் நடந்ததா என்று பார்த்தால் போதும். ஆனால் செலவே செய்யாமல் அலவன்ஸ் வாங்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. பயணம் தொடங்கிய பிறகு சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். ஒரு காபி மட்டும் குடித்தது சாப்பாடு ஆகாது. உணவும் பானமும் சேர்ந்ததே சாப்பாடு. சூப்பர்மார்க்கெட் மீல் டீல் சாப்பாடுதான்.

ஒரே ஆள் டைரக்டர், அதே ஆள் ஊழியர் என்ற கம்பெனியில் நீங்களே கொடுத்து நீங்களே வாங்குகிறீர்கள். ஒருநாள் ஒருவர் வந்து கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். அதனால் ரசீதைப் போனில் படமெடுத்து வைப்பதை நான் விடவில்லை. கடை ரசீதின் மை ஆறு மாதத்தில் வெளுத்து வெறும் காகிதம் ஆகிவிடும்; என் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தபோது பாதி அப்படித்தான் இருந்தது. படத்தோடு ஒரு வரியும் எழுதுகிறேன்: 'செவ்வாய், வீட்டிலிருந்து 6.10, லீட்ஸ் கிளையன்ட் ஆபீஸ், வீடு 20.35.' ரேட்டுக்கு வேண்டியது அந்த இரண்டு நேரங்களும்தான்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதம்?

அம்மா கட்டினாலும் மனைவி கட்டினாலும் நீங்களே கிளறினாலும் எழுத முடியாது. அதற்கான அரிசியை நேற்று டூட்டிங்கில் வாங்கிய பில்லும் உதவாது. பயணம் தொடங்குமுன் வீட்டுக்கு வாங்கியது வீட்டுச் செலவு. ரயிலில் கையைச் சுட்டுக்கொண்டு வாங்கும் பத்து பவுண்டு பர்கருக்குச் சலுகை, புளிசாதத்துக்கு இல்லை. வயிற்றுக்கு நல்லது எதுவோ அது கணக்குக்கு நல்லதல்ல.

ஹோட்டலில் காலை உணவு வாடகையிலேயே சேர்ந்திருக்கிறது.

அப்போது அது ஹோட்டல் பில்லோடு வந்துவிட்டது. தனியாக இன்னொரு காலை உணவு எழுத வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டோடு ஒரு பீர்?

சாப்பாட்டோடு நியாயமான அளவு என்றால் அது சாப்பாட்டின் பகுதி. சாப்பாடு இல்லாமல் நான்கு பீர் மட்டும் உள்ள பில்லை நான் கணக்கில் சேர்க்கமாட்டேன். உங்களைப் பார்க்க மனைவியும் பிள்ளையும் வந்து மூன்று பேரும் சாப்பிட்டால், உங்கள் தட்டு மட்டும்தான் கம்பெனியுடையது.

கிளையன்ட் மேனேஜரை லஞ்சுக்குக் கூட்டிப்போனேன்.

அது வேறு தலைப்பு, விருந்தோம்பல் செலவு. கம்பெனி பணம் கொடுக்கலாம், ஆனால் கம்பெனி லாபத்துக்கான வரியான கார்ப்பரேஷன் டாக்ஸில் கழிக்க முடியாது, பில்லில் கொடுத்த வாட்டும் (மதிப்புக் கூட்டு வரி) திரும்ப வராது. கணக்கில் தனி வரியாகப் போடுங்கள், சாப்பாட்டுச் செலவோடு கலக்காதீர்கள்.

வாட் திரும்பக் கிடைக்குமா?

கம்பெனி வாட் பதிவு செய்திருந்து, உண்மைச் செலவை ரசீதோடு கொடுத்தால் கிடைக்கும். பெஞ்ச்மார்க் ரேட்டாகக் கொடுத்தால் கிடையாது. மொத்த வரவில் ஒரு நிலையான சதவீதத்தை வாட்டாகக் கட்டும் ஃபிளாட் ரேட் ஸ்கீமில் இருந்தாலும் சாப்பாட்டு வாட் கிடையாது. சின்ன கம்பெனிகள் பல அதில்தான் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. கடையில் வாங்கி வெளியே எடுத்துப்போகும் குளிர்ந்த சாண்ட்விச்சுக்கு வாட் பூஜ்யம். அதையே கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். சூடாக்கிக் கொடுத்தால் எடுத்துப்போனாலும் 20 சதவீதம். ஆகவே ரசீதில் உள்ள தொகையை ஆறால் வகுத்து வாட் என்று போட்டுவிடாதீர்கள். ரசீதில் வாட் எண் இருக்கிறதா, எந்த வரிக்கு வாட் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எனக்குக் கம்பெனி இல்லை, சொந்தப் பெயரிலேயே தொழில் செய்யும் சோல் டிரேடர்.

உங்களுக்கு விதி இன்னும் கடுமை. பெஞ்ச்மார்க் ரேட் ஊழியர்களுக்கானது, உங்களுக்கு இல்லை. தொழிலுக்காக மட்டுமே செய்த செலவா என்பதுதான் உங்கள் அளவுகோல். சாப்பாடு அதில் சுலபமாகத் தேறாது.

இதற்கு அடிப்படை 1975இல் வந்த கெயில்போட் எதிர் குவின் வழக்கு. குவின் சுயதொழில் செய்த ஒரு தச்சர். வீட்டில் மதியம் சாப்பிட்டால் 10 பென்ஸ் ஆகும், வேலைக்குப் போன இடத்தில் 40 பென்ஸ் ஆகிறது. அந்தக் கூடுதல் 30 பென்ஸையாவது கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நியாயமாகத்தான் படுகிறது. நீதிபதி டெம்பிள்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதன் உயிர்வாழத்தான் சாப்பிடுகிறான், வேலை செய்வதற்காகச் சாப்பிடவில்லை என்றார். அந்த 30 பென்ஸ் இன்றுவரை சோல் டிரேடர்களின் மதியச் சாப்பாட்டுக்குக் குறுக்கே நிற்கிறது.

பிறகு சட்டத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். இயல்பிலேயே ஊர் ஊராகப் போகும் தொழில் என்றாலோ, வழக்கமில்லாமல் எப்போதாவது ஒரு தூரப் பயணம் என்றாலோ, நியாயமான சாப்பாட்டுச் செலவைக் கழிக்கலாம். தொழிலுக்காக வெளியூரில் இரவு தங்கினால் அந்தச் சாப்பாட்டையும் சேர்க்கலாம். ஒரே கிளையன்ட் ஆபீஸுக்குத் தினமும் போய் வாங்கும் லஞ்ச் தேறாது.

இரவு தங்கும்போது துணி துவைக்க, பேப்பர் வாங்க ஏதாவது உண்டாமே?

உண்டு. சொந்தச் சில்லறைச் செலவுக்கு, உள்நாட்டில் ஓர் இரவுக்கு 5 பவுண்டு, வெளிநாட்டில் 10 பவுண்டு வரை கம்பெனி வரியில்லாமல் கொடுக்கலாம். ஒரு பயணம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்: நான்கு இரவென்றால் 20 பவுண்டு. 21 ஆகிவிட்டால் கூடின ஒரு பவுண்டுக்கு மட்டும் வரி என்று நினைக்க வேண்டாம், மொத்தம் 21க்கும் வரி.

இவ்வளவு மெனக்கெட்டு என்னதான் மிச்சம்?

வாரம் மூன்று நாள், நாளுக்கு 10 பவுண்டு, வருஷத்தில் 44 வாரம் என்று வையுங்கள்: 1,320 பவுண்டு. லாபம் 50,000 பவுண்டுக்குள் இருக்கும் கம்பெனிக்கு கார்ப்பரேஷன் டாக்ஸ் 19 சதவீதம். மிச்சம் சுமார் 250 பவுண்டு. அதோடு அந்த 1,320 பவுண்டு உங்கள் கைக்கு வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் இல்லாமல் வருகிறது. டிவிடெண்டாக எடுத்திருந்தால் அதற்கும் வரி கட்டியிருப்பீர்கள். பணக்காரர் ஆகமுடியாது. விட்டுவிடவும் மனம் வராது.

ரசீதுகளை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்?

லிமிடெட் கம்பெனி என்றால் அந்தக் கணக்காண்டு முடிந்து ஆறு வருஷம். சோல் டிரேடர் என்றால் அந்த வரியாண்டுக்கான ஜனவரி 31 கெடுவுக்குப் பிறகு ஐந்து வருஷம். தெளிவான படம் இருந்தால் போதும், காகிதமே வேண்டும் என்பதில்லை.

லீட்ஸில் சித்தி வீட்டில் தங்குகிறேன். ஹோட்டல் செலவு மிச்சம். சாப்பாட்டுக்கு ஏதாவது எழுதலாமா?

மதியம் வெளியே காசு கொடுத்துச் சாப்பிட்டால், அதை எழுதலாம். இரவு சித்தி போட்ட தோசைக்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை, ஆகவே செலவே இல்லை. 25 பவுண்டு ரேட்டை அதன் மேல் ஏற்றக்கூடாது. வெறுங்கையோடு போகக்கூடாதென்று வாங்கிப்போகும் பழமும் ஸ்வீட்டும் அன்பளிப்பு, கம்பெனிக் கணக்கில் அதற்கு இடமில்லை. 'வாரம் இவ்வளவு என்று சித்திக்குக் கொடுத்துவிட்டு எழுதிக்கொள்ளட்டுமா' என்று ஒரு தம்பி கேட்டார். முதலில் அதைச் சித்தியிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். இரண்டு நாள் அவர் இவரோடு பேசவே இல்லையாம்.